கவுல், கவளம், மண்பானை

1798-ஆம் ஆண்டு வேடந்தாங்கல் ஊரார் ஒரு புகாரோடு செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டர் லயோனல் பிளேஸைப் போய்ப் பார்த்தார்கள். வரியைப் பற்றியோ உடைந்த மதகைப் பற்றியோ பேச அவர்கள் வரவில்லை. கிழக்கிந்தியக் கும்பெனியின் வெள்ளைச் சிப்பாய்கள் துப்பாக்கியும் கையுமாக வந்து ஏரி மரங்களில் கூடு கட்டியிருக்கும் பறவைகளைச் சுடுகிறார்கள், அதை நிறுத்த வேண்டும் என்பதுதான் மனு. பிளேஸ் மனுவை ஏற்றுக் கவுல் எழுதிக் கொடுத்தார். நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது அதிகாரி குடிகளுக்குத் தரும் உறுதிச்சீட்டுக்குக் கவுல் என்று பெயர். நெல்லுக்கும் புஞ்சைக்கும் எழுதிப் பழகிய அந்தச் சீட்டு இங்கே நாரைக்கும் கொக்குக்கும் எழுதப்பட்டது. உலகின் முதல் தேசியப் பூங்கா என்று சொல்லப்படும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் அறிவிக்கப்பட்டது 1872-இல். வேடந்தாங்கல் கவுல் அதற்கு 74 ஆண்டுகள் மூத்தது.

பிளேஸ் இந்தப் பக்கத்துக்குப் புதியவர் அல்லர். பக்கத்து மதுராந்தகத்தில் ஏரி உடையப்போகும் இரவில், வில்லேந்தி ராமரும் லட்சுமணரும் கரையில் காவல் நிற்கக் கண்டதாகக் கதை சொல்லப்படும் துரை இவர்தான். ‘ஏரி காத்த ராமர்’ கோயிலின் தாயார் சன்னிதியில் இவர் பெயர் பொறித்த கல்வெட்டும் உண்டு. கதை எப்படியானாலும், ஏரிதான் இந்தச் சீமையின் உயிர்நாடி என்பதை வரி வசூலிக்க வந்த அந்த அதிகாரி நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். ஏரிப் பாசனம் செழித்தால் கும்பெனிக்கு வருவாய். பறவை இருந்தால் ஏரித் தண்ணீருக்கு வளம்.

அந்த வளம் வரும் வழி எளியது. வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவமழையில் அது நிரம்பும்போது, உள்ளே நிற்கும் கடப்ப மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் தீவுகளாகிவிடும். நரியும் பூனையும் எட்டாத அந்தக் கிளைகளில் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கூழைக்கடா என்று ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும். பகலெல்லாம் சுற்று வட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலும் மேய்ந்துவிட்டு இரவில் இங்கே வந்து தங்கும். எச்சம் நேரே தண்ணீரில் விழும். தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகும். எருவுக்கு ஆகும் செலவு உழவனுக்கு மிச்சம். ஊரார் பறவையைத் தெய்வமாகக் கும்பிட்டார்களோ இல்லையோ, பறவை போனால் நெல் இளைக்கும் என்பதை அறிந்திருந்தார்கள்.

அந்தக் கவுல் 1858-இல் இன்னொரு கலெக்டரால் புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் ஏரிக்கு அரசின் முறையான அங்கீகாரம் கிடைத்தது. 1998-இல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டம் முழுவதும் சரணாலயமானது. அந்த வட்டத்தின் உட்பகுதியைச் சுருக்கும் யோசனை 2020-இல் எழுந்தபோது எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. நூற்றாண்டுக்கு நூற்றாண்டு காகிதத்தின் தலைப்பு மாறியிருக்கிறது. அடியில் இருக்கும் கணக்கு ஊராருடையதுதான்.

மனிதனும் விலங்கும் அருகருகே வாழ்ந்த வாழ்க்கையை இந்தச் சீமையின் கடற்கரையோரம் கல்லிலும் எழுதி வைத்திருக்கிறது. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய பெரும்பாறைச் சிற்பத்தில் யானைக் கூட்டம் குட்டிகளோடு நிற்கிறது. தவம் செய்யும் பூனையின் காலடியில் எலிகள் நம்பிக் கூடியிருக்கின்றன. பாறைப் பிளவில் நாகர் கைகூப்பி மேலெழுகிறார்கள். சற்றுத் தள்ளி, கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்கிறார். பசு திரும்பிக் கன்றை நக்குகிறது. கன்றை மடியருகே விட்டால்தான் பசு பால் சுரக்கும் என்பதைத் தொழுவத்தில் பார்த்தவன் செதுக்கிய சிற்பம் அது. புராணக் காட்சிக்கு நடுவே தொழுவத்து நடப்பை வைத்ததில் அந்தச் சிற்பிக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை.

மாமல்லபுரத்துக்கு மேற்கே பதினைந்து கிலோமீட்டர் போனால் திருக்கழுக்குன்றம். பட்சி தீர்த்தம் என்றும் ஊருக்கு ஒரு பெயர். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறி மலைமேல் வேதகிரீசுவரரைத் தரிசிக்கலாம். அதைவிட அதிகமாகக் கூட்டம் சேர்த்தவை இரண்டு கழுகுகள். உச்சிவேளைக்குச் சற்று முன்பாக, பாறையொன்றில் பூசாரி அரிசி, கோதுமை, நெய், சர்க்கரை சேர்த்துச் செய்த பிரசாதத்தோடு உட்காருவார். வானத்திலிருந்து வெள்ளை உடலும் மஞ்சள் முகமுமாய் இரு பறவைகள் இறங்கி, கையருகே வந்து கவளத்தைக் கொத்தித் தின்று போகும். சிவனின் சாபம் பெற்ற எட்டு முனிவர்கள் யுகத்துக்கு இருவராகக் கழுகுருவில் வருகிறார்கள், கலியுகத்துக்கு உரியவர்கள் இவர்கள் என்பது தலபுராணம். காலையில் காசியில் நீராடி, பகலில் இங்கே உண்டு, இரவில் ராமேசுவரத்தில் தங்குகிறார்கள் என்றும் சொல்வார்கள். ஒருநாள் பறவை வராவிட்டால் கூட்டத்தில் பாவி எவனோ இருக்கிறான் என்று பேச்சு எழும். பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி வணிகம் செய்த டச்சுக்காரர்களும் பதினேழாம் நூற்றாண்டிலேயே இந்த மலை ஏறியிருக்கிறார்கள். ஒருகல் மண்டபத்தில் தங்கள் பெயர்களையும் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பறவை நூலில் இதற்கு மஞ்சள்முகப் பாறு என்று பெயர். பழைய எகிப்தியர் சித்திர எழுத்தில் ஓர் எழுத்துக்கே இதன் உருவத்தை வைத்தார்கள். இது பிணந்தின்னி. செத்த மாடு, குப்பைமேடு, கழிவு என்று ஊரின் அழுக்கைத் தின்று வாழ்வது. மலைமேல் கிடைத்த நெய்ச்சோறு ஒருவேளைத் தீனி. மீதி வயிறு நிரம்பியது கீழே, சுற்று வட்டாரத்துக் கிராமங்களில். தோலுரித்து ஊருக்கு வெளியே போடப்பட்ட மாடுகள், திறந்த வெளிகள், தொந்தரவில்லாத பாறை இடுக்குகள் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பறவையை நூற்றாண்டுகளாக இங்கே வைத்திருந்தன. பூசாரிக்கும் பக்தருக்கும் கண்ணில் பட்டது அந்த ஏற்பாட்டின் நுனி மட்டுமே.

1990-களில் நாடு முழுவதும் பாறுகள் மடியத் தொடங்கின. மாட்டுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது என்பது 2004-இல் தெரிந்தது. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. அதற்குள் சில பாறு இனங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்துபோயிருந்தன. மஞ்சள்முகப் பாறும் வேகமாகக் குறைய, 2007-இல் உலக அளவில் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. திருக்கழுக்குன்றத்தில் 1990-களின் இறுதியில் கழுகுகள் வருவது நின்றுபோனது. பக்தி குறையவில்லை, படியேறும் கூட்டம் இன்றும் குறையவில்லை. கீழே ஊர் மாறியிருந்தது. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க நீலகிரிக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் போக வேண்டியிருக்கிறது.

ஏரிப் பறவைக்குச் சீட்டும் இருந்தது, வயலின் தேவையும் இருந்தது. மலைப் பறவைக்குப் பூசை இருந்தது. அதன் மீதிப் பிழைப்பை யாரும் காவல் காக்கவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே, புதர்க்காட்டில் இன்னொரு உறவு பல தலைமுறையாக நடந்துவந்தது. அது ஒருமுறை ஏறக்குறைய அறுந்து, பிறகு வேறு வடிவில் முடிச்சுப் போடப்பட்டது. இருளருக்கும் பாம்புக்குமான உறவு அது.

இருளர் என்றதும் நீலகிரி நினைவுக்கு வருவோர் உண்டு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்து இருளர் சமவெளிக்காரர்கள். காரையும் சூரையும் மண்டிய குட்டைக்காடுகளும் ஏரிக்கரைகளும் வயல்வரப்புகளும் அவர்களுடைய வெளி. தேன், கிழங்கு, மூலிகை, மழைக்குப் பிந்திய ஈசல், வயல் எலி, உடும்பு, பாம்பு என்று பருவத்துக்கு ஒன்றாக எடுத்துப் பிழைத்தார்கள். 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்து காடுகள் ‘ரிசர்வ்’ ஆனபோது அந்தப் பிழைப்பின் பெரும்பகுதி ஒரே கையெழுத்தில் குற்றமாயிற்று. சென்னைப் பட்டணத்தின் அடுப்புகளுக்குச் செங்கல்பட்டுக் காடுகள் விறகாகின. இருளர் வயலுக்கும் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் நகர்ந்தார்கள். முன்பணத்துக்காகக் கொத்தடிமைகளாகச் சிக்கிய குடும்பங்களை அதிகாரிகள் மீட்கும் செய்தி நம் காலத்திலும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

வயல்காரர்களுக்கு இருளர் தேவைப்பட்டது எலிக்காக. எலி பிடிப்பதற்கு அவர்கள் கையாண்ட கருவி ஒரு மண்பானை. அடியில் சிறு துளை இருக்கும். உள்ளே வைக்கோலும் சருகும் திணித்து நெருப்பு வைப்பார்கள். பானையின் வாயை வளையின் வாயோடு பொருத்திச் சுற்றிலும் சேறு பூசி அடைப்பார்கள். பிறகு ஒருவர் குனிந்து அடித்துளையில் வாய்வைத்து ஊதுவார். புகை வளையின் கிளைகளுக்குள் எல்லாம் ஓடும். எங்கிருந்து புகை கசிகிறதோ அதுதான் மறுவாசல். அதை மற்றொருவர் அடைப்பார். சற்று நேரம் கழித்துக் கடப்பாரையால் தோண்டினால் எலிகள் மயங்கிக் கிடக்கும். எலி குழம்புக்கு, வளைக்குள் அது சேர்த்து வைத்திருக்கும் நெற்கதிர் உலைக்கு. ஊதுகிறவருக்கு உதடும் விரலும் வெந்து போகும், நெஞ்சில் புகை தங்கும். பிற்பாடு கையால் சுழற்றும் விசிறி வைத்த இரும்புப் பொறி வந்து அந்தப் பாட்டைக் குறைத்தது.

எலி இருக்கும் வளையில் பாம்பும் இருக்கும். வளை வாயில் மண் எப்படி வழுவழுத்திருக்கிறது, சட்டை உரித்த செதில் ஒட்டியிருக்கிறதா, எச்சம் எந்த நிறம், மணலில் ஓடிய தடம் நேற்றையதா இன்றையதா என்று இருளர் படிக்கும் படிப்புக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பெண்களும் இதில் தேர்ந்தவர்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே வேட்டைக்குப் போவது வழக்கம். கடப்பாரை, ஒரு துணிப்பை, அவ்வளவுதான் ஆயுதம்.

இந்தத் திறமைக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு பெரிய விலை வந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கைப்பைக்கும் காலணிக்கும் பாம்புத்தோல் நாகரிகமானபோது, சென்னைத் தோல் பதனிடும் தொழில் அதற்கு வாசலானது. சாரை, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், மலைப்பாம்பு என்று லட்சக்கணக்கான தோல்கள் கப்பலேறின. பிடித்தவருக்குக் கிடைத்ததோ சில்லறை. சாரை குறைந்த இடத்தில் எலி பெருகும் என்பது தோல் வியாபாரியின் கணக்கில் இல்லை. 1972-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது. சட்டம் பாம்பைக் காப்பாற்றியது. அதே நாளில் இருளரின் அடுப்பு அணைந்தது. நேற்றுவரை தொழில் தெரிந்தவனாக இருந்தவன் இன்று பையில் பாம்போடு அகப்பட்டால் குற்றவாளி.

இங்கேதான் ரோமுலஸ் விட்டேக்கர் வருகிறார். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்தவர். மயாமியில் பில் ஹாஸ்ட் நடத்திய பாம்பு நஞ்சு நிலையத்தில் வேலை பார்த்தவர். சென்னையில் பாம்புப் பண்ணை தொடங்கிய காலத்திலேயே இருளரோடு காட்டில் நடந்து பழகியவர். கொன்று தோலை விற்பதற்குப் பதில், உயிரோடு பிடித்து நஞ்சை எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடலாமே என்பது யோசனை. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பதிவானது. 1976-இல் விட்டேக்கரும் மனைவி ஜாயும் வடநெம்மேலியில் ஆரம்பித்திருந்த முதலைப் பண்ணை வளாகத்தில், மாமல்லபுரம் போகும் சாலையோரம், அது இயங்கத் தொடங்கியது. அந்தப் பண்ணையும் தோலுக்காக வேட்டையாடப்பட்டுத் தேய்ந்துபோயிருந்த முதலைகளைப் பெருக்குவதற்காகத் தோன்றியதுதான். வேலை மிக நன்றாகவே நடந்து, பின்னாளில் பெருகிவிட்ட முதலைகளை எங்கே அனுப்புவது என்பதே பண்ணையின் கவலையாகிவிட்டது.

சங்கத்தின் வேலைக்கூடத்தில் வரிசையாக மண்பானைகள் இருக்கும். பாதிவரை மணல், வாயில் துணிக்கட்டு. எந்தப் பாம்பு, எப்போது வந்தது என்ற குறிப்பு பானையோடு இருக்கும். வனத்துறை அனுமதித்திருப்பது நான்கு இனங்களை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். ஒவ்வொன்றையும் மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை நஞ்சு எடுப்பார்கள். பிடிக்கிறவர் கொக்கியால் பாம்பை வெளியே எடுத்து, தலைக்குப் பின்புறம் விரலால் அழுத்திப் பிடித்து, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளை விளிம்பில் பல்லைப் பதிய விடுவார். சவ்வைக் குத்திக்கொண்டு மஞ்சள் நிறத்தில் சில துளிகள் இறங்கும். கையுறை கிடையாது. நல்ல பாம்பு தாராளம் காட்டும். சுருட்டை விரியனிடம் ஒருதடவைக்கு உலர்ந்த கணக்கில் சில மில்லிகிராம்தான். ஒரு கிராம் சேர்க்க நூற்றுக்கணக்கான தடவை எடுக்க வேண்டும். தவணை முடிந்த பாம்பின் வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு அடையாளம் போட்டுக் காட்டில் விடுவார்கள். அதே பாம்பு மறுபடி கையில் சிக்கினால் அடையாளம் பார்த்து விட்டுவிடுவது வழக்கம்.

எடுத்த நஞ்சு உறைய வைத்து உலர்த்தப்பட்டுப் பொடியாகும். மருந்து நிறுவனங்கள் அதை வாங்கி, மிகச் சிறிய அளவில் குதிரைகளுக்குச் செலுத்துகின்றன. குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தால் பாம்புக்கடி ஊசி. 1890-களில் பிரெஞ்சு மருத்துவர் ஆல்பெர் கால்மெத் சைகோனிலும் பாரிஸிலும் தொடங்கிவைத்த வழி இன்றும் அடிப்படையில் மாறவில்லை. பாம்பு, குதிரை, மனிதன் என்று மூன்று உடல்கள் வழியே ஒரு மருந்து நடக்கிறது. நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் இறப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இந்திய மருந்துக்கு வேண்டிய நஞ்சில் மிகப் பெரும்பங்கைப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்து வருவது இந்த ஒரு சங்கம்.

இருளரின் கைத்திறனைத் தேடி அமெரிக்காவே ஒருமுறை ஆள் அழைத்தது. ஃபுளோரிடாவின் சதுப்புக் காடுகளில் வளர்ப்பவர்கள் கைவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, முயலும் மானும் பறவையுமாக விழுங்கித் தீர்த்துக்கொண்டிருந்தன. மோப்ப நாயும் பரிசுப் போட்டியும் பெரிதாக உதவவில்லை. 2017 தொடக்கத்தில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள் அங்கே போனார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். கீ லார்கோ தீவில், கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தின் இடிபாட்டுக்குள் இருந்த பதினாறு அடி நீளப் பெண் பாம்பும் அதில் ஒன்று. செங்கல்பட்டுப் புதர்க்காட்டில் வளையைப் படித்த கண் அங்கேயும் புல்லில் விழுந்த தடத்தைப் படித்தது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

விருதுக்கு வெளியே இருளரின் ஆண்டு வேறுவிதமாக ஓடுகிறது. மாசி மகத்துப் பௌர்ணமிக்கு ஊர் ஊராகப் புறப்பட்டு மாமல்லபுரம் கடற்கரையில் வந்து சேர்வார்கள். தங்கள் குலதெய்வமான கன்னியம்மன் கடலில் இருக்கிறாள் என்பது நம்பிக்கை. மணலில் புடவையும் துணியும் கட்டிக் கூடாரம் போட்டு, சட்டி பானையோடு இரவு தங்கி, விடியலில் மணலைப் படியாகக் குவித்துப் பூசை வைப்பார்கள். பெண் பார்ப்பதும் சம்பந்தம் பேசுவதும் தாலி கட்டுவதும் அங்கேயே நடக்கும். பாறைச் சிற்பத்தைப் பார்க்கவரும் சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

சங்கத்தின் உறுப்பினர் சில நூறு பேர். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை அனுமதி முடிவு செய்கிறது. அனுமதி இருக்கும் மாதங்களில் பாம்புக் கூலி, இல்லாத மாதங்களில் வயல் கூலி. இப்போது அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருக்கிறது. ஒரே இனப் பாம்பானாலும் ஊருக்கு ஊர் நஞ்சின் கலவை மாறுகிறது. இங்கே பிடித்த பாம்பின் நஞ்சில் செய்த மருந்து, வடமேற்கிலும் வடகிழக்கிலும் கடித்த பாம்புக்கு அதே வேகத்தில் வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தந்தப் பகுதியில் நஞ்சு சேகரிக்கும் மையங்கள் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்திருக்கிறது. 2030-க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024 மார்ச்சில் திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது.

மையத்துக்குக் கட்டடம் எழுப்பிவிடலாம், உலர்த்தும் இயந்திரமும் வாங்கிவிடலாம். வளையைப் பார்த்துப் பாம்பைச் சொல்லும் ஆட்களைப் பயிற்றுவிக்க இருளரிடம்தான் வரவேண்டியிருக்கும். அப்போது அவர்களை நாள்கூலிக்கு அழைப்பார்களா, பங்குள்ள ஆசிரியர்களாக அழைப்பார்களா என்பதை அந்தத் திட்டங்களின் விதிகள்தான் சொல்ல வேண்டும். அதுவரை ராஜஸ்தானில் கடிபட்டவருக்கும் அசாமில் கடிபட்டவருக்கும் ஏற்றப்படும் மருந்தில் பெரும்பாலானது, வடநெம்மேலிப் பானைகளிலிருந்து எடுத்த நஞ்சில் செய்ததாகவே இருக்கும்.